மலைப்பாதை ஓட்டம்: எங்கே வலிக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும்?

சென்னையிலோ கோவையிலோ சாலையில் 10 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடுகிறவர், ஏற்காட்டுப் பக்கம் ஒரு மண்பாதையில் ஏறினால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். அவருடைய உடல்தகுதியில் குறையில்லை. மலை கேட்பது வேறு கணக்கு. இன்னொன்றும் உண்டு: மலை ஓட்டத்தில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, தொடங்கிய இடம் வேறொன்று. நான்காவது மணி நேரத்தில் வரும் வாந்தி முதல் மணி நேரத்து வேகத்திலிருந்து வருகிறது. இறக்கத்தில் நோகும் முழங்காலுக்குப் பெரும்பாலும் இடுப்புத் தசைதான் பொறுப்பு. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் கொஞ்சம் பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடியிருக்கிறோம். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

ஏற்றம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது

சாலையில் பழகிய வேகத்தை மலைக்கும் கொண்டுபோவதுதான் காரணம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வாட்சைப் பார்த்து ஓடப் பழகியவருக்கு, அதே முயற்சியில் செங்குத்தான ஏற்றத்தில் 12 நிமிடம், 15 நிமிடம் ஆவது இயல்பு. வாட்சில் வேகத்தைக் காட்டும் திரையை மாற்றி, ஓடிய நேரமும் ஏறிய உயரமும் மட்டும் தெரியும்படி வையுங்கள்.

முயற்சியை அளக்கப் பேச்சு போதும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான அளவு. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே நடக்கத் தொடங்குங்கள். மலையில் நடப்பது தோல்வி கிடையாது. நல்ல சரிவில் ஓடினாலும் வேகநடை போட்டாலும் மேலே சேரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், நடந்தால் செலவாகும் சக்தி குறைவு. உலக அளவில் ஓடுகிறவர்களும் செங்குத்தில் நடக்கிறார்கள். நடக்கும்போது கையைத் தொடைமேல் முழங்காலுக்குச் சற்று மேலே ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து மட்டும் முன்சாய வேண்டும். வளைந்தால் மூச்சு இன்னும் இறுகும்.

தூரத்தைத் திட்டமிட ஓர் எளிய கணக்கு: ஏறும் ஒவ்வொரு 100 மீட்டரையும் ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் தூரம், 1000 மீட்டர் ஏற்றம் என்றால் அது உடலுக்கு 30 கிலோமீட்டர் வேலை. பன்னாட்டு டிரெய்ல் (மண்பாதை, மலைப்பாதை) ஓட்டச் சங்கமும் போட்டிகளின் கடினத்தை இப்படித்தான் வகைப்படுத்துகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2000 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள். முதல் ஓரிரு நாள் மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இரண்டு மூன்று மாதம் இதே நிலைமை என்றால், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபினும், உடலில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் ஊரில் மிகச் சாதாரணம். ஓடுகிறவர்களிடம் அது முதலில் ஏற்றத்தில்தான் தெரியும். ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை

ஏற்றம் மூச்சை வாங்குகிறது, இறக்கம் தொடையை வாங்குகிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இந்த வகை வேலையில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஒருமுறை அளவாக இறக்கம் ஓடினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தசை அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. அதனால் பந்தயத்துக்கு முன் இறக்கத்துக்கென்றே பயிற்சி வேண்டும். முதல் வாரம் மொத்தம் 200 மீட்டர் உயரம் இறங்கினால் போதும். வாரத்துக்கு 100 மீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசிக் கடின இறக்கப் பயிற்சி போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

ஓடும் முறையையும் பாருங்கள். பயத்தில் உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலால் பிரேக் போடுகிறவர்களுக்குத்தான் தொடை முதலில் எரியும். ஷூ அதிகம் வழுக்குவதும் அவர்களுக்குத்தான். அடிகளைச் சிறிதாக, விரைவாக வையுங்கள். முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும். கைகளை விரித்துச் சமநிலைக்கு விடுங்கள். பார்வை காலடியில் இருந்தால் தடுக்கி விழுவீர்கள், மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

வலி ஒருபுறம் இருக்க, பந்தயத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் கருத்துப் போனால் அது சாதாரண உடம்புவலி கிடையாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முழங்காலில் வலி

எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

வெளிப்பக்கம், அதுவும் இறக்கத்தில் குறிப்பிட்ட தூரம் தாண்டியதும் கத்தியால் குத்துவது போல வந்து, நடந்தால் குறைந்தால், இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வெளிப்புறமாக இறங்கும் பட்டையின் எரிச்சல் அது. முட்டிச் சில்லின் பின்னாலோ சுற்றியோ மந்தமாக வலித்து, படியிறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால், சில்லின்மேல் பாரம் கூடிப்போயிருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் இரண்டு: இறக்கத்தை அவசரமாகக் கூட்டியது, இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லாதது.

சோதித்துப் பார்க்க 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படி போதும். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் அதன்மேல் நின்று, மற்றொரு காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை மெதுவாக இறங்குங்கள். முட்டி உள்பக்கம் சரிகிறதா, இடுப்பு ஒருபக்கம் தொங்குகிறதா? இரண்டில் எது நடந்தாலும் இதே அசைவுதான் மருந்தும். முட்டி கால் விரல்களுக்கு நேராக இருக்கும்படி, மூன்று விநாடி எடுத்து இறங்கி, காலுக்கு 10 முறை வீதம் 3 சுற்று, வாரத்தில் மூன்று நாள். கூடவே பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சி 15 முறை வீதம் 3 சுற்று. ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். அதுவரை ஏறலாம், சமதளத்தில் ஓடலாம், இறக்கத்தை நடந்தே கடக்க வேண்டும்.

முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கெண்டைக்காலும் குதிகாலின் பின்புறமும் காலையில் விறைத்துக் கிடக்கின்றன

ஏற்றத்தைத் திடீரென்று கூட்டியதாலோ, குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்கு ஒரேயடியாக மாறியதாலோ குதிகால் தசைநாண் இப்படி முறைத்துக்கொள்ளும். சாலை ஷூ பலவற்றில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் 8 முதல் 10 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் உண்டு. டிரெய்ல் ஷூக்கள் சிலவற்றில் அது 4தான், இன்னும் சிலவற்றில் பூஜ்யம். புது ஷூவை முதல் மூன்று நான்கு வாரம் சிறு ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள்.

தசைநாணின் நடுப்பகுதியில் வலி என்றால் படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி: 15 முறை, 3 சுற்று, காலை மாலை இருவேளை, 12 வாரம். முட்டியை நீட்டி ஒருமுறை, லேசாக மடித்து ஒருமுறை என இரண்டு விதமும் வேண்டும். வலி எலும்போடு சேரும் அடிமூலையில் இருந்தால் படியில் செய்யாதீர்கள், சமதரையில் செய்யுங்கள். குதிகால் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கினால் அந்த இடம் இன்னும் நசுங்கும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே குத்துகிறது, இரவிலும் நோகிறது என்றால் எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். மாதவிடாய் தவறிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடல் சொல்லும் அடையாளம் அது.

கணுக்கால் அடிக்கடி புரள்கிறது

புரண்ட கையோடு நான்கு அடி நடந்து பாருங்கள். நடக்கவே முடியவில்லை, அல்லது கணுவின் இருபுறத்து எலும்பு முட்டுகளில் எதையாவது பின்விளிம்பில் அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே வேண்டும். இல்லையென்றால் கட்டுப் போட்டு, கால் உயர்த்தி, ஓரிரு நாளிலேயே தாங்கும் அளவுக்கு நடக்கத் தொடங்கலாம். நாட்டு வைத்தியரிடம் போய் உருவிவிடுவது புது வீக்கத்துக்கு ஆகாது.

ஒருமுறை சுளுக்கிய கணு திரும்பத் திரும்பச் சுளுக்குவது, அது சமநிலை உணர்வை இழந்திருப்பதால். பல் துலக்கும் நேரம் முழுக்க ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடி. களைப்பில்தான் பாதம் தூக்குவது குறைந்து வேரிலும் கல்லிலும் தட்டுகிறது, ஆகவே கடைசி இறக்கத்தை வேண்டுமென்றே நிதானமாக எடுங்கள். விடியுமுன் கிளம்பினால் 200 லூமனாவது தரும் நெற்றி விளக்கு வேண்டும். போன் டார்ச்சை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது.

கால் நகம் கறுக்கிறது, கொப்புளம் வருகிறது

நகம் கறுப்பது இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி ஷூவின் மூக்கில் இடிப்பதால். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இறக்கம் தொடங்குமுன் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். கணுப்பக்கம் யாரும் பயன்படுத்தாத கடைசி ஓட்டை ஒன்று இருக்கும். லேஸை அதே பக்கத்து அந்த ஓட்டையில் விட்டுச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. நகத்தைப் போட்டிக்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

கொப்புளத்துக்கு ஈரமும் உராய்வும் காரணம். பருத்தி சாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். விரல்களுக்கிடையே வருகிறவர்களுக்கு விரல் தனித்தனியாக உள்ள சாக்ஸ் நன்றாக உதவும். ஓடைகளைக் கடக்கும் பாதையில் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள், தொடையிடுக்கிலும் அக்குளிலும்கூட. சூடு தெரிய ஆரம்பித்த நிமிடமே நின்று ஷூவைக் கழற்றி மணலைத் தட்டிவிட்டு டேப் ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நிற்காமல் போனால் இரண்டு மணி நேரம் நொண்ட வேண்டியிருக்கும்.

மூன்று மணி நேரம் தாண்டியதும் குமட்டல், கால் ஓடவில்லை

நீண்ட தூரத்துக்குப் போகிறவர்களை அதிகம் வீழ்த்துவது இதுதான். சேமித்து வைத்த மாவுச்சத்து தீர்ந்ததும் கால் நின்றுவிடும். பயந்துபோய் ஒரே நேரத்தில் இரண்டு ஜெல்லை (பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்) பிழிந்து வாயில் போட்டால் வயிறு கவிழும். வேகமாக ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. வயிற்றுக்குப் போதிய ரத்தம் இல்லாமல் உள்ளே போனது அப்படியே தேங்குகிறது. வெயில் இதை இன்னும் மோசமாக்கும்.

90 நிமிடத்துக்கு மேற்பட்ட எந்த ஓட்டத்திலும், பசி வருமுன்பே, முதல் அரை மணியிலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். கடலைமிட்டாய் நடக்கும் வேகத்தில் நல்லது. வேகமாக ஓடும்போது கடலையின் கொழுப்பு செரிக்க நேரமெடுக்கும். வீட்டிலேயே பானம் கலக்க வேண்டுமென்றால் அரை லிட்டர் தண்ணீர், 30 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூனில் பாதி உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஜெல் எடுத்தால் வெறும் தண்ணீரோடுதான், இனிப்புப் பானத்தோடு வேண்டாம். எதுவானாலும் வார இறுதி நீண்ட ஓட்டங்களில் பழக்கிய பிறகே போட்டிக்கு. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

குமட்டல் வந்துவிட்டால் உடனே வேகத்தைக் குறைத்து 15, 20 நிமிடம் நடங்கள். நிழல் கிடைத்தால் நில்லுங்கள். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். குமட்டல் அடங்கியபின் சின்னச் சின்ன மிடறாகக் குடிக்கலாம்.

தண்ணீர்: குறைவா, அதிகமா?

தாகத்துக்குக் குடிப்பது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான விதி. உங்கள் கணக்கு தெரிய, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் 300 மில்லி குடித்தும் 700 கிராம் குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்து வியர்வை ஒரு லிட்டர். முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை.

மெதுவாக நெடுநேரம் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீங்குவது, தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் இதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுவைக்காகக் குறைத்தோ கூட்டியோ கலக்காதீர்கள்.

தசைப்பிடிப்பு வந்தால் எல்லோரும் உப்பைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பயிற்சியில் பழகாத வேகத்தால் தசை களைத்ததுதான் காரணம். நின்று மெதுவாக நீட்டிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் வேகத்தைக் குறையுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவில் போடவே கூடாது, நீர் வறண்ட உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

வெயிலில் ஓடும் ஒருவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே நனைத்து, விசிறி, கிடைத்தால் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கிக் குளிர்வியுங்கள்.

எங்கள் ஊரில் மலையே இல்லை

பத்து மாடிக் கட்டடம் ஏறினால் ஏறத்தாழ 30 மீட்டர். பத்து முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் கிடைத்துவிடும். ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட் என்று செய்தால் இறக்கப் பயிற்சி போய்விடும், அதனால் இறங்குவதும் படியில்தான். ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு, கடற்கரை மணல் எல்லாம் கணுக்காலுக்கு நல்ல பள்ளிக்கூடம். மாதம் ஒருமுறை ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை பக்கம் போய் நீண்ட ஏற்றம் ஒன்றைச் செய்துவந்தால் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகளுக்கு எதிர்ப்புறமாக, விடிந்த பிறகு ஓடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. யானை, காட்டெருமை நடமாடும் பாதையில் அதிகாலையிலும் அந்தியிலும் ஓடுவது உயிரோடு விளையாடுவது. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துப் பாதை என்றால் தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு ஓடுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை ஏறினால் இழுத்துப் பிய்க்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டிச் செருகித் தள்ளினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

21 கிலோமீட்டர் வரை சரி, அதற்கு மேல் உடல் வரவில்லை

வாரத்தில் இரண்டு நாள் ஓடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்றால் இப்படித்தான் ஆகும். முதலில் வாரத்தில் நான்கு நாளாக்குங்கள். கிலோமீட்டரை விட்டுவிட்டு மணி நேரத்தில் திட்டமிடுங்கள்.

உதாரணத்துக்கு, வாரம் 4 மணி நேரம் தொல்லையில்லாமல் ஓடுகிறவர் 50 கிலோமீட்டரை நோக்கிப் போக ஐந்து முதல் ஆறு மாதம் ஒதுக்க வேண்டும். நீண்ட ஓட்டம் 2 மணி, 2 மணி 20 நிமிடம், 2 மணி 40 நிமிடம் என்று மூன்று வாரம் கூடும். நான்காவது வாரம் மீண்டும் 1 மணி 45 நிமிடத்துக்கு இறங்கும். அடுத்த சுற்று 2 மணி 40-இல் தொடங்கும். இப்படியே நாலரை, ஐந்து மணி நேரம்வரை போனால் போதும், 50 கிலோமீட்டரைப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. நீண்ட ஓட்டத்தை மேலும் நீட்டுவதைவிட, சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு இரண்டு மணி நேரம் என்று அடுத்தடுத்த நாளில் ஓடுவது காயம் குறைவாகப் பலன் தரும். மற்ற நாட்களில் ஒன்று ஏற்றத்தில் வேகம்: 3 நிமிடம் கடினமாக ஏறி மெதுவாக இறங்குவது, 6 முறை. மீதியெல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகம். கடைசி நீண்ட ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், பிறகு ஓடும் நேரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும்.

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருக்கிறது, தூக்கம் வரவில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல் என்று மூன்று நாள் தொடர்ந்தால் அந்த வாரத் திட்டத்தைக் கிழித்துப் போட்டு, நடையும் தூக்கமுமாக இருங்கள்.

போட்டி முடிந்த பிறகு முதல் வாரம் ஓடாமல் நடக்கலாம், நீந்தலாம். படியிறங்கும்போது தொடை நோகாத நாள் வந்ததும், சமதளத்தில் 30 நிமிடம். இரண்டு நாள் கழித்து இன்னொரு 30 நிமிடம். அதற்கும் உடல் முணுமுணுக்காவிட்டால் மட்டும் இறக்கத்தைத் தொடுங்கள்.